கோவணம் கட்டாத ஊருக்குப் போற பிள்ளையளுக்கு

முந்தநாள் கோணேசர் கோயிலில மேல்சட்டையைக் கழட்டச் சொன்ன நேரம் எங்கட புது மாப்பிள்ளை பட்ட பாட்டைக் கோட்டைக்குள்ள மேயிற மானெல்லாம் நிண்டு பார்த்தது. இரண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கால கட்டி, சால்வையைக் கழுத்து மட்டும் போர்த்து, அர்ச்சனை முடியும் மட்டும் மூச்சை உள்ள இழுத்து வயித்தை ஒளிச்சுக்கொண்டு நிண்டவர். ஐயர் நட்சத்திரம் கேட்க, வாயைத் திறந்தால் வயிறு வெளியில வந்திடும் எண்டு பேத்திதான் மறுமொழி சொன்னவள். அந்த மாப்பிள்ளைதான் வாற மாசம் கரிபியன் கடலில ஒரு சின்ன ஹோட்டலுக்குப் போய் மிச்சத்தையும் கழட்டப் போறாராம். பேத்தி குசினிக்குள்ள நிண்டு சிநேகிதியோட போனில குசுகுசுத்தது எனக்குக் கேட்டிட்டுது. அம்மப்பாவுக்குக் காது மந்தம் எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறாள். நல்லது, அப்பிடியே நினைக்கட்டும்.

தாய் தகப்பனுக்குத் தெரிஞ்சால் வீடு இரண்டாகும். மாமன் மாமிக்குத் தெரிஞ்சால் இரண்டு வீடும் நாலாகும். ஆனால் பேத்தியிட்ட அம்மப்பா எதையும் கதைக்கலாம் எண்டது எங்கட ஊர் வழக்கம். அந்த உரிமையில சொல்லுறன், இரண்டு பேரும் இதில இருந்து கேளுங்கோ. போகாதேங்கோ எண்டு சொல்ல மாட்டன். போற ஆக்களுக்குப் புத்தி சொல்லுறதில இருக்கிற சுகம் மறிக்கிறதில இல்லை.

முதல் எனக்கொரு சந்தேகம். நீங்கள் இருக்கிறது ஸ்காபரோ. உங்கட ரொறன்ரோவுக்கு முன்னால, வாவிக்குள்ள கிடக்கிற தீவில ஹான்லன்ஸ் பொயின்ற் எண்டு ஒரு கரை இருக்கு. உடுத்தாலும் சரி, உடுக்காட்டிலும் சரி எண்டு நகரசபையே 1999ல பரீட்சைக்கு விட்டு, 2002ல நிரந்தரமாக்கின இடம். துறையில படகு ஏறினால் கொஞ்ச நேரத்தில போய் இறங்கலாம். இது எனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேக்காதேங்கோ, நீங்கள் வாங்கித் தந்த போன்தான். இவ்வளவு கிட்டவா ஒண்டு இருக்க, ஏன் காசைக் குடுத்துப் பிளேன் ஏறுறியள்?

மறுமொழி சொல்ல வேண்டாம், எனக்கு விளங்குது. ஸ்காபரோவில மரக்கறிக் கடைக்குப் போய் ஒரு முருங்கைக்காய் எடுத்தாலே பின்னால ஒரு சித்தி நிண்டு "உது முத்தல் பிள்ளை" எண்டு சொல்லுவா. ஹான்லன்ஸ் பொயின்ற்றில அப்பிடி ஒரு சித்தி எதிர்ப்பட்டால் என்ன செய்யிறது? அந்தப் பயம் நியாயமானது. ஆனால் பிள்ளையள், எங்கட சனத்தைப் பற்றி உங்களுக்கு முழுக்கத் தெரியாது. சண்டை துரத்தின துரத்தலில உலகத்தில நாங்கள் போய் ஒதுங்காத கரை இல்லை. அந்தச் சின்ன ஹோட்டலில, நீங்கள் இரண்டு பேரும் பிறந்தமேனியாப் படுத்திருக்கேக்குள்ள, லண்டனில இருந்து வந்த ஒரு கட்டை மனிசன் இடுப்பில ஒண்டுமில்லாமல் நடந்து வந்து உற்றுப் பார்ப்பார். "தம்பி திருகோணமலையோ? நீங்கள் ஆற்ற மகன்?" எண்டு கேட்பார். அதுக்குப் பிறகு தகப்பன் பேர், பேரன் பேர், எந்த ஒழுங்கை, எந்தப் பள்ளிக்கூடம், எந்த வருஷம் வெளிக்கிட்டது எல்லாம் வரும். அந்த இடத்தில எழும்பி நிண்டு மரியாதை குடுக்கிறதோ, படுத்த இடத்திலேயே கவிண்டு கிடக்கிறதோ எண்டதை இரண்டு பேரும் இப்பவே கதைச்சு முடிவு செய்து வையுங்கோ.

நீங்கள் போற தீவு செயின்ற் மார்ட்டினாம். பிரான்சுக்காரனும் ஒல்லாந்தனும் 1648ல பங்கு பிரிச்ச தீவு எண்டு எங்கட பென்சன் வாத்தியார் சொன்னார். அப்ப எங்களுக்குச் சொந்தக்காரத் தீவுதான். எங்கட திருகோணமலைத் துறைமுகத்தையும் அவை அப்பிடித்தானே மாறி மாறிப் பிடிச்சவை. போர்த்துக்கேயன் கோயிலை இடிச்சுக் கோட்டை கட்டினான், ஒல்லாந்தன் பறிச்சான், 1782ல பிரான்சுக்காரன் சுஃப்ரேன் வந்து பிடிச்சான், பிறகு அது ஒல்லாந்தனுக்கே திரும்பிப் போச்சுது, 1795ல இங்கிலீசுக்காரன் வந்து குந்தினான். இந்த நாலு சாதியும் எங்கட பங்குனி வெயிலில கம்பளிக் கோட்டும் கழுத்துப் பட்டியும் முழங்கால் மட்டும் சப்பாத்துமாத் திரிஞ்ச ஆக்கள். அந்தப் புழுக்கத்தைத்தான் அவையின்ர பேரப்பிள்ளையள் இப்ப கரைக்குக் கரை படுத்து ஆத்துகினம் எண்டு நான் நினைக்கிறன். எங்களுக்கு அந்தக் கடன் இல்லை. என்ர தகப்பன் வாழ்நாள் முழுக்கக் கோவணத்தோட கரைவலை இழுத்தவர். ஆத்துறதுக்கு அவரிட்டப் புழுக்கமே இருக்கேல்ல.

இதுக்குள்ள ஒரு பகிடி இருக்கு. எங்கட ஆக்களின்ர வெறும்மேலைப் பார்த்து முகத்தைச் சுளிச்சவனும் இங்கிலீசுக்காரன்தான். பொது இடத்தில அசிங்கமாய் உடம்பைக் காட்டினால் குற்றம் எண்டு 1841ல வேக்ரன்ட்ஸ் ஓடினன்ஸ் போட்டு வச்சதும் அவன்தான். சட்டத்தை இஞ்ச விட்டிட்டுக் கப்பலேறிப் போனான். இப்ப அவன்ர கொள்ளுப்பேரன் உல்லாசப் பயணியா வந்து உப்புவெளிக் கரையில துண்டை அவிழ்த்தால், பூட்டன் போட்ட சட்டத்தில பேரன் மாட்டுவான்.

எல்லாரும் அப்பிடிக் கோட்டுக்குள்ள அவிஞ்ச ஆக்கள் எண்டும் சொல்ல ஏலாது. பம்பாய்க்குப் பக்கத்தில தானாவில க்ரோஃபோர்ட் எண்டு ஒரு இங்கிலீசு நீதிபதி இருந்தவர். பகலில கோட்டில சனத்துக்குத் தீர்ப்புச் சொல்லுவார். 1891ல உடுப்பில்லாமல் இருக்கிற ஆக்களுக்கெண்டு ஒரு சங்கம் தொடங்கினார். மொத்த அங்கத்தவர் மூண்டு பேர். மாதேரன் மலையிலயும் துள்சி ஏரிக்கரையிலயும் போய் உடுப்பைக் கழட்டிப்போட்டு இருந்தவை. அடுத்த வருஷம் அவருக்கு ரத்னகிரிக்கு இடமாற்றம் வந்தது, சங்கம் கலைஞ்சு போச்சுது. அரசாங்க உத்தியோகத்தில இடமாற்றத்துக்குத் தப்பின நல்ல காரியம் எது இருக்கு?

அவர் இந்தச் சங்கத்தைப் பற்றிக் கடிதம் எழுதினது ஆருக்குத் தெரியுமோ? எட்வர்ட் கார்ப்பென்டர் எண்ட இங்கிலீசு எழுத்தாளருக்கு. அந்தக் கார்ப்பென்டர் எங்கட பொன்னம்பலம் அருணாசலத்தின்ர கேம்பிரிஜ் சிநேகிதர். 1890ல இலங்கைக்கு வந்து, அருணாசலம் கூட்டிக்கொண்டு போக ஒரு தமிழ் ஞானியிட்டப் பாடம் கேட்டவர். உடுப்பு மனிசனைப் பெட்டிக்குள்ள வச்சு மூடுது எண்ட கொள்கைக்காரர். ஆகவே தம்பி, மாமனார் எப்பவாவது கண்டுபிடிச்சால், இது வெள்ளைக்காரப் பழக்கம் இல்லை மாமா, சேர் அருணாசலம் வழியா வந்த தொடர்பு எண்டு சொல்லிப் பாருங்கோ. தேவாரம் பாடுற மனிசன், கொஞ்சம் யோசிப்பார். யோசிக்காட்டில், தாருகாவனத்துக்குப் பிச்சைக்குப் போன எங்கட சுவாமி என்ன உடுத்துக்கொண்டு போனவர் எண்டு மெல்லமாக் கேளுங்கோ.

உடுப்பு விஷயத்தில எங்கட நாட்டுக்குத் தன்ர கணக்கு எது எண்டு தெரியாது. 2018ல பிதுரங்கல மலையில ஏறி மூண்டு பெடியங்கள் களிசானை இறக்கிப் பின்பக்கத்தைக் காட்டிப் படமெடுத்தாங்கள். பொலிஸ் பிடிச்சிட்டுது. எதிரில சீகிரியாவில காசியப்பராசா காலத்துப் பெண்டுகள் ஆயிரத்தைஞ்நூறு வருஷமாய் மேலாடை இல்லாமல் சுவரில நிக்கினம். அவையைப் பார்க்க ரிக்கெற் எடுத்து வரிசையில நிக்க வேணும். அதே 2018ல எங்கட ஊர்ப் பெண்கள் பள்ளிக்கூடம் ஒண்டில முஸ்லிம் ரீச்சர்மார் அபாயா போட்டு வந்ததுக்கு வாசலில ஆர்ப்பாட்டம் நடந்து, மனித உரிமை ஆணைக்குழு மட்டும் போச்சுது. துணி குறைஞ்சாலும் வழக்கு, கூடினாலும் வழக்கு. எத்தனை முழத்தில நிப்பாட்டினால் நிம்மதி எண்டு எனக்கு இன்னும் ஆரும் சொல்லேல்ல.

சரி, எங்கட நிலாவெளிக் கரைக் கதை ஒண்டு சொல்லுறன். 83 சண்டைக்கு முந்தி ஜேர்மன்காரரும் மற்ற ஐரோப்பாக்காரரும் வந்து குவிஞ்ச காலம். நான் அப்ப இளந்தாரி, புறாமலைக்கு வள்ளம் விட்டுத் திரிஞ்சனான். வந்த பெண்டுகளில சிலபேர் மேல்துணி இல்லாமல் மணலில குப்புறப் படுத்துக் கிடப்பினம். அவையின்ர ஊரில அது நூறு வருஷத்துக்கு மேலான இயக்கமாம். அந்த வருஷங்களில நிலாவெளியில மாடு காணாமல் போனதுக்குக் கணக்கில்லை. விடியக் கூப்பிட்டால் எழும்பாத பெடியங்கள் வெயில் ஏற மாடு தேடிக் கரை நீளத்துக்கு நடப்பாங்கள். மாடே இல்லாத வீட்டுப் பெடியங்களும் தேடினவங்கள். ஒரு மாடும் அம்பிட்டதா நான் கேள்விப்படேல்ல.

வந்தவை எங்களைப் பார்த்த பார்வையைச் சொல்ல மறந்திட்டன். நாங்கள் கோவணத்தோட வரிசையாய் நிண்டு ஏலேலம் போட்டு வலை இழுக்க, அவை பின்னால நிண்டு கமராவில அடிச்சுக்கொண்டிருப்பினம். எங்கட பின்பக்கம் ஜேர்மனியில எத்தனை வீட்டு அல்பத்தில ஒட்டிக் கிடக்குதோ தெரியாது. அங்க அவை எங்களை விடுப்புப் பார்க்க, இஞ்ச நாங்கள் அவையை விடுப்புப் பார்க்க, இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. பிறகு சண்டை வந்து எல்லாரையும் துரத்திப்போட்டுது. 2009க்குப் பிறகு திரும்பி வருகினம். ஆனால் இப்ப ஆளைக் கவர்ற நல்ல ஒதுக்குப்புறமான கரையெல்லாம் படையிட்ட. மார்பிள் பீச்சை விமானப்படை நடத்துது. சென்றிப் பொயின்ற்றில துவக்கோட ஒருத்தர் நிக்க, என்னத்தைக் கழட்டுறது?

பிள்ளை, நீ உன்ர அம்மம்மா கடலில குளிச்சதைப் பார்த்ததில்லை. குறுக்குக்கட்டோட இறங்குவா. கன்னியா வெந்நீர்க் கிணத்தடியிலயும் அதே குறுக்குக்கட்டுத்தான், வாளியால அள்ளி ஊத்திக்கொண்டு. குளிச்சு முடிய ஈரத்தைக் களைஞ்சு காய்ஞ்சதைக் கட்டுற வித்தை ஒண்டு இருக்கே! காய்ஞ்ச சேலையின்ர ஒரு தலைப்பைப் பல்லில கடிச்சுக்கொண்டு, உள்ளுக்குள்ள ஈரத்தை நழுவ விட்டு, கீழ விழுந்ததைக் காலால ஒதுக்கி, கொசுவத்தைச் செருகி, பல்லை விட்டு "பிள்ளை, சீப்பைத் தா" எண்டு கேட்டு முடிய ஒரு வெத்திலை மெல்லுற நேரமும் ஆகாது. சுத்திவர ஊர்ச்சனம். ஆர் வீட்டில ஆர் வந்து நிக்கினம் எண்ட கதையும் பல்லுக்கிடையால நடக்கும். ஒரு விரற்கடை தெரியாது. இந்த வித்தையை உன்ர அம்மாவும் படிக்கேல்ல, நீயும் படிக்கேல்ல. படிச்சிருந்தால் கரிபியனுக்குப் போயும் காசைத் திரும்பக் கேட்கலாம்.

சுனாமியண்டு நடந்த ஒண்டையும் சொல்லிப்போட்டு விடுறன், இதில பகிடி இல்லை. 2004 மார்கழி 26. கடல் வந்து உயிரோட விட்டுப்போன ஆக்கள் பலபேருக்கு உடம்பில துணி இல்லை. சேலை வேலியில, மரத்தில. ஒரு பெண்பிள்ளை தாழைப் பத்தைக்குள்ள குந்திக்கொண்டு வெளியில வரமாட்டன் எண்டு அழுதது. கரையில நிண்ட கிழவர் ஒருத்தர் தன்ர சாரத்தை அவிழ்த்து எறிஞ்சுபோட்டுக் கோவணத்தோட மற்றப் பக்கம் திரும்பி நிண்டவர். நிண்ட அத்தனை ஆம்பிளையளும் திரும்பி நிண்டம். மாடு தேடித் திரிஞ்ச அதே ஆக்கள்தான்.

இப்ப உங்கட ஹோட்டல் ஒழுங்கு விதிகளைப் பேத்தி போனில வாசிச்சதைக் கேட்டனான். கமரா தூக்கக் கூடாது. ஆரையும் உற்றுப் பார்க்கக் கூடாது. எங்க குந்தினாலும் துவாயை விரிச்சுத்தான் குந்த வேணும். சத்தம் போடக் கூடாது. இவ்வளவு ஒழுக்கம் எங்கட கலியாண மண்டபத்தில எங்க இருந்தது? மூண்டு நாளாய் உங்களை இந்த ஊர் பார்த்த பார்வையை யோசிச்சுப் பாருங்கோ. பொன்னுருக்கலில இருந்து கமரா. தாலி கட்டேக்குள்ள தலைக்கு மேல ஒரு பொறி கிர்ரெண்டு பறந்து படமெடுத்தது, ஐயர் ஓமத்தை விட்டிட்டு அண்ணாந்து பார்த்தவர். கூறைச் சேலை என்ன விலை, கொடி எத்தனை பவுண், பொம்பிளை மெலிஞ்சு போச்சுது, மாப்பிள்ளைக்கு முன்மயிர் கொட்டுது. கழுத்தில இருந்து கணுக்கால் மட்டும் பட்டால மூடி நிண்ட உங்களைத்தான் சனம் உரிச்சுப் பார்த்தது. உங்களுக்கு அலுத்துப் போனது உடுப்பு இல்லை பிள்ளையள், எங்கட கண். ஒரு கிழமைக்கு ஒரு மனிசரும் பார்க்காமல் இருக்கத்தான் டொலர் கட்டுறியள். அதுக்கு நான் குறை சொல்ல மாட்டன். ஆனால் நாலாம் நாள், இவ்வளவு பேருக்கு நடுவில ஒருத்தரும் திரும்பிப் பார்க்கேல்லையே எண்டு உனக்கு ஒரு மாதிரி இருக்கும். அப்ப அம்மாவுக்குப் போன் எடு. வீடியோவை மட்டும் போட்டிடாத.

இனிப் புத்திமதி. அம்மண ஊரில கோவணம் கட்டினவன் விசரன் எண்டு சொல்லுறது. உங்கட ஹோட்டலோ கட்டினாலும் சரி, கட்டாட்டிலும் சரி எண்ட ஹோட்டல். அது இன்னும் சிக்கல். கழட்டுற விருப்பம் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில வர வேணும். ஒருத்தர் கழட்டி முடிச்சு நிக்க, மற்றவர் சாரத்தைப் பிடிச்சுக்கொண்டு யோசிச்சால் குடும்பத்தில முதல் சண்டை அங்கதான் தொடங்கும். தம்பி, எதுக்கும் அவளை முந்தாதேங்கோ. பிந்தவும் வேண்டாம்.

தாலிக்கொடியைக் கழட்டுறதோ எண்டு கேக்க வாயெடுத்தாய், கண்டனான். பதினொரு பவுண் கொடியை வெயிலில போட்டுக்கொண்டு கிடந்தால் பொன் காய்ஞ்சு தோலைச் சுடும். கழட்டினால் கழுத்தில வெள்ளை வரி விழுந்து, இஞ்ச வந்து இறங்க அம்மம்மா முதல் அதைத்தான் பார்ப்பா. வெறும் மஞ்சள் கயித்தில கோத்துப் போட்டுக்கொண்டு போ. வெயில் முன்னப்பின்ன காணாத இடமெல்லாம் முதல் நாளே காட்டாதேங்கோ. காலமை கொஞ்சம், பின்னேரம் கொஞ்சம். எரிஞ்சு போனால் டொக்டரிட்டக் காட்டவும் ஏலாது, குந்தவும் ஏலாது.

உடுப்பைக் கழட்டி ஹோட்டல்காரனிட்டக் குடுத்து வைக்கேக்குள்ள அமர்நீதி நாயனார் கதையைச் சொல்லி வையுங்கோ. சோழநாட்டுப் புடவை யாவாரி. பிரமச்சாரியா வந்த சிவபெருமான் குடுத்து வச்ச ஒரு கோவணம் காணாமல் போச்சுது. அதுக்கு ஈடு கேட்டு, மற்றக் கோவணத்தைத் தராசில போட்டார். கடையில இருந்த பட்டு, பொன், வெள்ளி எல்லாம் மற்றத் தட்டில ஏத்தியும் முள்ளு அசையேல்ல. கடைசியில மனிசியையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு தானே ஏறி நிண்டார். எங்கட ஆக்களின்ர கோவணத்தின்ர எடை அவ்வளவு எண்டு மனேச்சர் விளங்கிக்கொண்டால் சாவியைக் கவனமா வச்சிருப்பான்.

கடைசியாய் ஒரு மீன்பிடிகாரனா நான் சொல்லக் கூடியது காத்தைப் பற்றி. எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை, மார்கழி பயம். 1964 மார்கழியில அடிச்ச புயல் எனக்கு இப்பவும் நினைவு, கொடியில காய்ஞ்ச வேட்டி ஒண்டையும் பிறகு ஆரும் காணேல்ல. அங்க ஆவணி, புரட்டாதிதான் கெட்ட காலம். நீங்கள் போற தீவில ஓரியன்ட் குடாவில கிளப் ஓரியன்ட் எண்டு உடுப்பில்லாத ஆக்களுக்கெண்டே பேர்போன இடம் ஒண்டு இருந்தது. 2017 செப்டெம்பர் 6ல இர்மா புயல் வந்து கூரை, சுவர் எல்லாத்தையும் உரிஞ்சுபோட்டுது. திகதியை மாத்த ஏலுமெண்டால் தை, மாசிக்கு மாத்துங்கோ. ஏலாட்டில் ஒரு சோடி உடுப்பை எப்பவும் கைக்கெட்டுற தூரத்தில வையுங்கோ. காத்தடிச்சு ஓடேக்குள்ள விருப்பம் கேட்டுக்கொண்டு நிக்க ஏலாது.

அம்மம்மாவுக்கு நான் ஒண்டும் சொல்லேல்ல. சொல்லாமலே அவவுக்குத் தெரிஞ்சிருக்கு. இரவு பாயில கிடந்துகொண்டு, வயசு போன சோடிகளையும் அங்க எடுப்பினமோ எண்டு பகிடிக்குத்தான் கேட்டுப் பார்த்தனான். அவ கொஞ்ச நேரம் பேசாமல் கிடந்தவ.

"குந்துற இடமெல்லாம் துவாய் விரிக்கச் சொல்லுறாங்களாமே," எண்டவ. "ஒரு நாளைக்கு எத்தனை துவாய் ஆகும்? உதெல்லாத்தையும் ஆர் தோய்க்கிறது?"